பொய்ச் சாட்சிகள், நிஜக் காட்சிகள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை.

2020-ஆம் ஆண்டு முடிய நான்கு நாள் இருந்தபோது, டிசம்பர் 27 அன்று, நெட்ஃப்ளிக்ஸில் ‘டெத் டு 2020’ என்றொரு படம் வந்தது. ஓடுவது எழுபது நிமிடம். ‘பிளாக் மிரர்’ தொடரைக் கொடுத்த சார்லி புரூக்கர், அனபெல் ஜோன்ஸ் கூட்டணியின் வேலை. மேலோட்டமாகப் பார்த்தால், டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லாச் சேனலும் போடுகிற ‘இந்த ஆண்டு ஒரு பார்வை’ மாதிரிதான் இருக்கும். ஆஸ்திரேலியக் காட்டுத்தீ, டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணை, கொரோனா, ஊரடங்கு, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலை, அமெரிக்கத் தேர்தல், தடுப்பூசி என்று மாதவாரியாகப் போகும். நடுநடுவே பத்திரிகையாளர், வரலாற்று அறிஞர், விஞ்ஞானி, மனோதத்துவ நிபுணர் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள். ஓடுகிற செய்திக் காட்சிகள் எல்லாம் நிஜம். வந்து உட்காருகிறவர்கள் அத்தனை பேரும் பொய்.

அதில் ஒருவர் சாமுவேல் எல். ஜாக்சன். படத்தில் அவர் பெயர் டேஷ் பிராக்கெட். ‘நியூ யார்க்கர்லி நியூஸ்’ என்ற, உலகத்தில் எங்கும் இல்லாத பத்திரிகையின் நிருபர். நாற்காலியில் உட்கார்ந்ததும், எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று கேட்கிறார். 2020 பற்றி என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து பதில் வருகிறது. எந்தக் கேடுகெட்ட காரணத்துக்காக அதைப் போய்ப் படம் எடுக்கிறீர்கள் என்று கெட்ட வார்த்தையோடு திருப்பிக் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். அந்த வருஷம் முழுக்க உலகத்தில் பாதிப் பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து இதே செய்தியைத்தான் காலை முதல் இரவு வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் மனப்பாடமான ஒன்றை, அது முடிவதற்கு முன்பே, நடிகர்களை வைத்து மறுபடி சொல்வானேன்? சொல்வதென்றால் நாடகமாகவோ மேடைச் சிரிப்பாகவோ சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு ஆவணப்பட வேஷம்?

எனக்குப் படுவதைச் சொல்கிறேன். இந்த வகைப் படம் ஒரு வருஷத்தைக் கிண்டல் செய்யும் இடங்களில் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. ஜெயிப்பது, அந்த வருஷத்தை நமக்கு விளக்கிச் சொன்ன ஆட்களைக் கிண்டல் செய்யும்போதுதான். அதற்கு ஆவணப்படத்தின் வேஷம் தேவை. ஏனென்றால் அந்த ஆட்கள் போட்டுக்கொண்டு வந்த வேஷமே அதுதான்.

அந்த வேஷத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். பேசுகிறவருக்குப் பின்னால் புத்தக அலமாரி. முகத்தில் ஒரு பக்கமாக விழும் வெளிச்சம். கேமராவை நேராகப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரையோ பார்த்துப் பேசும் கண். கீழே வெள்ளை எழுத்தில் பெயரும் பதவியும். இவ்வளவும் கூடிவிட்டால் போதும். அவர் சொல்வதை நாம் பாதி நம்பிவிட்டோம். இனி அவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மிச்சப் பாதியை நம்ப வைக்கக் குரல் இருக்கிறது.

குரலுக்கு உள்ள சக்தியை 1957-லேயே பிபிசி சோதித்துப் பார்த்துவிட்டது. அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி ‘பனோரமா’ நிகழ்ச்சியில் சுமார் மூன்று நிமிடச் செய்தி ஒன்று போட்டார்கள். சுவிட்சர்லாந்தின் தெற்கே டிசினோ பகுதியில் ஒரு குடும்பம் ஸ்பகெட்டி அறுவடை செய்கிறது. பெண்கள் மரக்கிளையிலிருந்து நீள நீளமான இழைகளைப் பறித்துக் கூடையில் போடுகிறார்கள். பிறகு வெயிலில் காயப்போடுகிறார்கள். இந்த முறை குளிர் கடுமையாக இல்லாததால் நல்ல விளைச்சல், ஸ்பகெட்டி வண்டின் தொல்லையும் ஒழிந்துவிட்டது, எல்லா இழையும் ஒரே நீளத்தில் வளர்வது தலைமுறை தலைமுறையாகப் பயிர் வளர்த்தவர்களின் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று விளக்கம் ஓடியது. அன்றைய இங்கிலாந்தில் ஸ்பகெட்டி அவ்வளவு பழகிய சாப்பாடு இல்லை. அடுத்து பிபிசிக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் சிலருக்கு, ஸ்பகெட்டி மரம் எப்படி வளர்ப்பது என்று தெரிய வேண்டியிருந்தது.

கோமாளித்தனமாகப் பேசுகிற ஒருவர் இதைப் படித்திருந்தால் சின்னக் குழந்தைகூட நம்பியிருக்காது. படித்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை நாட்டுக்கே வர்ணித்த குரல். அந்தக் குரலில் கேலியின் சாயல் துளிகூட இல்லை. இன்றுவரை இந்தக் கலையின் முதல் விதி அதுதான்: சொல்கிறவர் சிரிக்கக் கூடாது.

‘டெத் டு 2020’-இல் இந்த வேலை லாரன்ஸ் ஃபிஷ்பர்னுக்கு. ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் மார்ஃபியஸாக வந்து, நாம் பார்க்கும் உலகமே பொய் என்று சொன்னாரே, அதே குரல். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைப் புகழ்ந்தபடியே பக்கத்தில் நின்று ஊர் நடப்பைச் சொல்லிக் காலை வாருவான் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வேலை. ஒரே வித்தியாசம், கட்டியங்காரன் குட்டிக்கரணம் அடிப்பான். இவர் இமைகூட அசைக்காத குரலில் அடிப்பார்.

இந்த வேஷத்தைச் சிரிப்புக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பீட்டர் வாட்கின்ஸ் 1965-இல் பிபிசிக்காக ‘தி வார் கேம்’ என்ற படம் எடுத்தார். பிரிட்டன்மேல் அணுகுண்டு விழுந்தால் கென்ட் பகுதியில் என்ன நடக்கும் என்பதைச் செய்திப்படம் மாதிரியே எடுத்திருந்தார். நடக்காத போர், நடித்த மக்கள். பார்த்த பிபிசி பயந்துபோய் ஒளிபரப்ப மறுத்துவிட்டது. திரையரங்குகளில் ஓடி, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. கவனியுங்கள், ஆவணப்படத்துக்கான ஆஸ்கர்! பிபிசி அதைக் காட்ட 1985 ஆகிவிட்டது.

சரி, நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு வருவோம். ஹியூ கிரான்ட் நடிக்கும் டென்னிசன் ஃபாஸ் என்ற வரலாற்று அறிஞர் எனக்குப் பிடித்தவர். நரைத்த முடி, மேட்டுக்குடி ஆங்கிலம், முகத்தில் எப்போதும் ஒரு சலிப்பு. இன்றைய நிகழ்ச்சிக்கு ஒப்பீடு சொல்கிறேன் என்று ஆரம்பித்து, தொலைக்காட்சித் தொடரில் வந்த கற்பனைப் போரை நிஜமாகவே நடந்த வரலாறாகச் சொல்லிக்கொண்டு போவார். பேட்டி எடுப்பவர் திருத்தினாலும் அசர மாட்டார். ஏன் சிரிப்பு வருகிறது? உளறுகிறார் என்பதால் மட்டும் இல்லை. உளறும்போதும் அவர் தொனி மாறவே இல்லை. அவர் சரியான தகவலைச் சொல்லியிருந்தால் இதே தொனியில்தான் சொல்லியிருப்பார். நாமும் இதே தலையாட்டலோடுதான் கேட்டிருப்போம். அப்படியானால் நாம் இதுவரை கேட்டதெல்லாம் தகவலையா, தொனியையா?

லிசா குட்ரோ நடிக்கும் ஜெனட்டா கிரேஸ் சூசன் வேறு ரகம். வலதுசாரிகளின் அதிகாரபூர்வமில்லாத செய்தித் தொடர்பாளர். எங்கள் குரலை நசுக்குகிறார்கள் என்பது அவர் புகார். அந்த நசுக்கப்பட்ட குரலை எங்கெங்கே ஒலிக்கிறார் என்று அவரே பட்டியல் போடுவார். பட்டியல் முடியவே முடியாது. இப்போதுதான் சொன்னதை, சொல்லவே இல்லை என்று முகத்துக்கு நேராக மறுப்பார். டயான் மார்கனின் ஜெம்மா நெரிக் என்பவர் உலகத்திலேயே மிகச் சராசரியான ஐந்து பேரில் ஒருவராம். இதையும் கீழே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்! சாம்சன் காயோ நடிக்கும் விஞ்ஞானியின் பெயர் பைரெக்ஸ் ஃபிளாஸ்க். ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவையின் பெயரை ஆளுக்கே வைத்துவிட்டார்கள். இது எனக்குக் கொஞ்சம் சுலபமான ஜோக்காகப் பட்டது. பெயரிலேயே சிரித்துவிட்டால் ஆளுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது.

இன்னொரு சௌகரியமும் இதில் இருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு நடிகர். இரண்டு பேர் பக்கத்தில் நிற்க யோசித்த காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான படப்பிடிப்பு கிடையாது. நட்சத்திரங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே படத்தில் நடித்துவிடலாம்.

இந்தப் படத்துக்கான விதையை புரூக்கர் எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்தால்தான் படத்தின் குறையும் புரியும். அவர் ‘கார்டியன்’ பத்திரிகையில் தொலைக்காட்சி விமர்சனம் எழுதியவர். 2006-இல் பிபிசியில் ‘ஸ்க்ரீன்வைப்’ தொடங்கினார். சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துத் திட்டுவதுதான் நிகழ்ச்சி. பிறகு செய்திகளுக்கென்றே ‘நியூஸ்வைப்’. 2010-இல் அதில் வந்த இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. நிருபர் மாதிரி தெருவில் நடந்து வருகிறார். நடந்தபடியே, இப்போது நடந்து வருகிறேன், இப்போது கையை ஆட்டுகிறேன், இப்போது நின்று ஒரு கேள்வியைப் போடுகிறேன் என்று தான் செய்வதையே சொல்லிக்கொண்டு போகிறார். அடுத்து வழிப்போக்கர்களின் கருத்து, அடுத்து படத்தோடு ஒரு புள்ளிவிவரம், கடைசியில் நிருபரின் கனத்த முடிவுரை. செய்தி என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. ஆனால் செய்தி பார்த்த திருப்தி முழுசாக வந்துவிடுகிறது. அதைப் பார்த்தபின் இரண்டு நாளைக்கு எந்தச் செய்தியையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. அவருடைய ஆண்டு இறுதி நிகழ்ச்சிகள் இந்த வழியில்தான் வந்தன. 2016-க்குப் பிறகு அவற்றை நிறுத்தியிருந்தார். கொரோனா வந்ததும், 2020 மே மாதம், ‘ஆன்டிவைரல் வைப்’ என்று பிபிசிக்கு ஒன்று செய்தார். அதற்கப்புறம்தான் நெட்ஃப்ளிக்ஸ் படம்.

பிபிசி நிகழ்ச்சியில் ஒரு மனிதன் இருந்தான். அவனுக்கு ஒரு கோபம் இருந்தது. குறிப்பிட்ட ஒரு சேனல், குறிப்பிட்ட ஒரு செய்தித் துண்டு, அதில் கேமரா எதை மறைத்தது என்று விரலை வைத்துக் காட்டுவான். உலகத்துக்கே எடுக்கும் படம் என்று வந்ததும் அந்த விரலைக் காணோம். ஒஹையோவில் இருப்பவருக்கும் புரிய வேண்டும், லண்டனில் இருப்பவருக்கும் புரிய வேண்டும் என்றால் எல்லாருக்கும் தெரிந்த டிரம்ப், எல்லாருக்கும் தெரிந்த பைடன், எல்லாருக்கும் தெரிந்த போரிஸ் ஜான்சன் என்றுதான் நிற்கும். ஒருவர் கிழவர், ஒருவர் தலை வாராதவர், ஒருவர் பொய் சொல்வார். இதைச் சொல்ல லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் எதற்கு?

அப்படி விரல் வைத்துக் காட்டுவதற்கு எவ்வளவு பயப்படுவார்கள் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. பாராளுமன்றத்தில் எடுக்கும் காட்சிகளை நையாண்டி நிகழ்ச்சிகளில் போடக் கூடாது என்று அந்தப் பாராளுமன்றமே நிபந்தனை வைத்திருந்தது. அதனால் நையாண்டிக்காரர் ஜான் ஆலிவரின் அமெரிக்க நிகழ்ச்சி பிரிட்டனில் ஒளிபரப்பாகும்போது, அந்தக் காட்சிகளுக்குப் பதிலாக வேறொரு நடிகர் சம்பந்தமே இல்லாத எதையோ வாசிக்கும் துண்டைச் செருக வேண்டியிருந்தது. நிஜக் காட்சிக்குப் பக்கத்தில் ஒரு குத்தல் வார்த்தையை வைத்தால் எவ்வளவு கூர்மையாகும் என்பது அந்தப் பாராளுமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது.

கூர்மை என்றதும் கிறிஸ் மோரிஸைச் சொல்லாமல் விட முடியாது. 1997-இல் சேனல் 4-இல் வந்த ‘பிராஸ் ஐ’ அவருடையது. பொய்ச் சாட்சிகளை நடிக்க வைப்பதற்குப் பதில், நிஜப் பிரபலங்களைக் கூப்பிட்டுப் பொய்யைப் பேச வைத்தார். ‘கேக்’ என்ற பெயரில் ஒரு போதை மாத்திரை இளைஞர்களைச் சீரழிக்கிறது, அதை எதிர்த்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். அப்படி ஒரு மாத்திரையே கிடையாது. காட்டுவதற்கு வைத்திருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள மஞ்சள் வட்டு. எழுதிக் கொடுத்ததில், இது இட்டுக்கட்டிய மருந்து என்ற பொருள் தொனிக்கும் வாசகமும் இருந்தது. ஆய்வகத்தில் செய்தது என்று எடுத்துக்கொண்டு பிரபலங்கள் அதையும் கவலையான முகத்தோடு கேமராவுக்குச் சொன்னார்கள். எம்.பி. ஒருவர் ஒரு படி மேலே போய், பாராளுமன்றத்திலேயே அந்த மாத்திரையைப் பற்றிக் கேள்வி எழுப்பிவிட்டார். அவர்கள் அதைச் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். நாற்காலி போட்டாயிற்று, விளக்குப் போட்டாயிற்று, கீழே பெயரும் வரப்போகிறது. எப்படித் தெரியாது என்பது?

ஹியூ கிரான்டின் பேராசிரியர் நம்மைச் சிரிக்க வைப்பார். இந்தப் பிரபலங்களைப் பார்த்தால் சிரிப்போடு கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வழியும் இருக்கிறது. டயான் மார்கன் நடிக்கும் ஃபிலோமினா கங்க், புரூக்கரின் ‘வீக்லி வைப்’ நிகழ்ச்சியில் பிறந்த பாத்திரம். 2018-இல் ‘கங்க் ஆன் பிரிட்டன்’, 2022-இல் ‘கங்க் ஆன் எர்த்’. அங்கே பொய்யான ஆள் கேள்வி கேட்பவர். பதில் சொல்பவர்கள் நிஜப் பேராசிரியர்கள். மடத்தனமான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு அவர் வெறித்துப் பார்க்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் படிப்பாளி அதற்கும் மரியாதையாக ஒரு பதிலைத் தேடுகிறாரே, அந்த இரண்டு விநாடி மௌனத்துக்காகவே பார்க்கலாம்.

இப்போது 2020-க்குத் திரும்புவோம். அந்த வருஷத்தைக் கிண்டல் செய்யும் இடங்களில் படம் தோற்றுப்போகிறது என்றேனே, ஏன் என்று பாருங்கள். ஏப்ரல் 23 அன்று வெள்ளை மாளிகையில் நிருபர்களுக்கு முன்னால் டிரம்ப், கிருமிநாசினியை உடம்புக்குள் ஊசியாகப் போட்டால் என்ன என்று யோசனை சொன்னார். மறுநாள் லைசால் கிருமிநாசினி தயாரிக்கும் நிறுவனம், எங்கள் சரக்கை எந்த வழியாகவும் மனித உடம்புக்குள் செலுத்தக் கூடாது என்று அறிக்கை விட்டது. அதே மறுநாள் டிரம்ப், நான் நையாண்டியாகத்தான் சொன்னேன் என்றார். நையாண்டி எழுதுகிறவன் இதற்கு மேல் எதைச் சேர்ப்பான்? அவன் தொழிலையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நவம்பர் 7 இன்னும் மோசம். தேர்தல் முடிவு வரப்போகிற நேரம். பிலடெல்ஃபியா ‘ஃபோர் சீசன்ஸ்’-இல் வழக்கறிஞர்களின் பத்திரிகையாளர் சந்திப்பு என்று டிரம்ப் ட்விட்டரில் அறிவித்தார். எல்லாரும் அந்தப் பெரிய ஓட்டலை நினைத்தார்கள். ஓட்டல்காரர்கள் எங்கள் இடத்தில் இல்லை என்றார்கள். கூட்டம் நடந்த இடம் ‘ஃபோர் சீசன்ஸ் டோட்டல் லேண்ட்ஸ்கேப்பிங்’ என்ற தோட்டவேலை நிறுவனத்தின் வண்டி நிறுத்தும் இடம். கிட்டத்திலேயே ஆபாசப் புத்தகக் கடை; எதிரே பிணம் எரிக்கும் மயானக் கூடம். டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி அங்கே பேச வந்த நேரத்தில்தான், பைடன் ஜெயித்துவிட்டார் என்று சேனல்கள் அறிவித்துவிட்டன. அதை அவருக்குச் சொன்னவர்கள் எதிரே நின்ற நிருபர்கள். இதைத் திரைக்கதையில் எழுதிக்கொண்டு போனால், மயானத்தையாவது எடுத்துவிடுங்கள், ரொம்ப நாடகமாக இருக்கிறது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார்.

சிரிக்க முடியாத பக்கம் வேறு இருக்கிறது. அந்த டிசம்பருக்குள் கொரோனாவில் இறந்ததாகப் பதிவானவர்கள் உலகம் முழுக்க சுமார் 18 லட்சம் பேர். ஒரு மனிதனின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திய காட்சியை உலகமே பார்த்தது. அந்த நிகழ்ச்சிகளின்மேல் எந்த ஜோக்கும் நிற்காது, நிற்கவும் கூடாது. நிஜக் காட்சியை அப்படியே ஓடவிட்டு, வெட்டி, நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தனக்குச் சாதகமாக வளைக்கிற ஆளைக் காட்டுவதுதான் மிச்சமிருக்கும் மரியாதையான வழி.

வருஷக் கணக்கே ஒரு பொய்தானே என்றும் கேட்கலாம். 2020-க்குச் சாவுமணி அடித்துப் படம் வெளியாகிச் சரியாகப் பத்தாவது நாள், 2021 ஜனவரி 6, அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. கதையின் உச்சக்கட்டம் படத்துக்கு வெளியே போய்விட்டது. அதைப் பிடிக்க ‘டெத் டு 2021’ என்று அடுத்த டிசம்பர் 27-இல் இன்னொன்று எடுத்தார்கள். ஹியூ கிரான்ட் மறுபடி வந்தார். நையாண்டிக்கு இன்னும் கொஞ்சம் களைப்பு தெரிந்தது. மூன்றாவது வரவில்லை.

பார்ப்பதானால் முதல் படத்தைப் பாருங்கள். தலைவர்கள் வரும் இடங்களில் டீ போட எழுந்து போகலாம், பேராசிரியர் வரும்போது உட்கார்ந்துவிடுங்கள். அவரை மிகைப்படுத்தி எழுதிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 டிசம்பர் 8-இல் பிரிட்டனில் தடுப்பூசி போட ஆரம்பித்தபோது இரண்டாவதாகப் போட்டுக்கொண்டவர் 81 வயதுப் பெரியவர்; பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர். அடுத்த மே மாதம், தடுப்பூசிக்குச் சம்பந்தமில்லாத நோயில் அவர் காலமானார். அர்ஜென்டினாவில் ஒரு செய்தி வாசிப்பாளர் இதை நேரலையில் சொன்னார். ஆங்கில மொழியின் மாபெரும் எழுத்தாளர்களில் ஒருவர் காலமாகிவிட்டார், கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட முதல் ஆண் அவர்தான் என்று, வருத்தம் கலந்த, நல்ல உறுதியான குரலில்.